‘இல்லை’ என்று நான் நிரப்பிய கட்டம்

1

சண்முகையாவின் வேலை கோவில்பட்டிக்குப் போனது எனக்குத் தெரியும். அனுப்பியவனே நான்தான். ஆனால் அமெரிக்க அரசாங்கம் ஒரு படிவம் அனுப்பி, ‘இந்த வேலை வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டதா?’ என்று கேட்டபோது, ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு சொல்லால் அவன் இந்த நாட்டை விட்டுப் போனான். அவனுடைய மகள் அவனை விட்டுப் போனாள்.

எனக்கு எழுபத்துநான்கு வயதாகிறது. ஓஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அதில் குறை ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் காட்டிக்கொள்வோம்.

இந்தப் பத்திரிகைக்கு இதற்கு முன்பும் எழுதியிருக்கிறேன். பனிக்காலம் பற்றி ஒன்று, எங்கள் தெருத் தபால்காரர் பற்றி ஒன்று. ‘நல்லாயிருந்தது அண்ணாச்சி’ என்று ஊரிலிருந்து சிலர் கடிதம் போட்டார்கள். அவர்கள் இதையும் வாசிக்க வேண்டும்.

2

செவ்வாய்க்கிழமைதோறும் ஊர் நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவுவது வேலை. சம்பளம் கிடையாது. பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்தான் வருவார்கள், மருத்துவக் காப்பீடு, வீட்டுவரிச் சலுகை என்று.

சென்ற இலையுதிர்காலத்தில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். வேலை போனவர்கள் முதல் சில மாதங்கள் அப்படித்தான் உடுத்துவார்கள். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்தவராம்.

“எங்கள் வேலை இந்தியாவுக்குப் போய்விட்டது,” என்றார். உடனே என் முகத்தைப் பார்த்து, “கோபத்தில் சொல்லவில்லை,” என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் கேட்டு வந்தது ஒரு பழைய உதவியைப் பற்றி. ‘டிரேட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று இங்கே சொல்வார்கள். வெளிநாட்டுச் சரக்கு வந்தோ, வேலையே வெளிநாட்டுக்குப் போயோ பிழைப்பை இழந்தவருக்கு அரசாங்கம் வேறொரு தொழில் படிக்கச் செலவு செய்யும். படித்து முடியும்வரை வீட்டுக்கு உதவித்தொகையும் தரும். அவருடைய தகப்பனார் இரும்பாலை மூடியபோது அந்த உதவியில் படித்து எலக்ட்ரீஷியன் ஆனவராம். “எனக்கும் கிடைக்குமா?” என்று கேட்டார்.

அந்தச் சட்டத்தின் கதை எனக்குத் தலைகீழாகத் தெரியும். முதலில் ஆலைத் தொழிலாளிகளுக்காக வந்தது. கணினிக்காரர்கள் போய்க் கேட்டபோது, ‘நீங்கள் உண்டாக்கியது ஒரு பொருள்தானா?’ என்ற கேள்வியிலேயே பல மனுக்கள் தள்ளுபடியாயின. வழக்குகள் நடந்தன. பிறகு சட்டத்தைத் திருத்தி, எங்களைப் போலக் கணினி வேலை செய்தவர்களையும் சேர்த்தார்கள். சில வருடங்களுக்கு முன்னால் அதன் காலம் முடிந்தது. யாரும் நீட்டிக்கவில்லை. புது மனுக்களை இப்போது விசாரிப்பதில்லை.

அதைச் சொன்னேன். “அப்படியானால் நான் பிந்திவிட்டேன்,” என்றார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தவர், மரியாதைக்காக, “நீங்கள் இந்தியாவில் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“தெற்கே.”

“ஊர்ப் பெயர்?”

சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என் வேலையை அங்கேதான் யாராவது செய்கிறார்களோ என்னவோ.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் மேசையை மடக்கிவிட்டு அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

3

கோவில்பட்டியில் சண்முகையாவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி. என்னைவிட ஏழு வயது இளையவன். அவனுடைய அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தார். நான் இங்கே வந்து காலூன்றிய பிறகு, என் கம்பெனியிலேயே சொல்லி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். மனைவி கோமதியோடும் கைக்குழந்தை மீனாவோடும் வந்து இறங்கினான்.

ஆபீசில் எல்லார் முன்னாலும் என்னை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவான். அமெரிக்கர்கள் அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு கிறிஸ்துமசுக்கு ‘திரு. அண்ணாச்சி, குடும்பத்துடன்’ என்று விலாசம் எழுதி வாழ்த்து அட்டை வந்தது. சண்முகையா அதை வாங்கிப் பார்த்து, “ஊரே ஒத்துக்கிட்டாச்சு, இனி நீங்க மாத்த முடியாது,” என்றான்.

நான் மேலாளர் ஆனேன். மருந்துக்கடைகளின் இருப்பைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எங்களுடையது. அதைச் சோதிக்கும் பிரிவில் பதினோரு பேர். சண்முகையா அவர்களில் மூத்தவன்.

அந்தச் சமயத்தில் ஊரில் என் தம்பி தவித்துக்கொண்டிருந்தான். கையால் குச்சி அடுக்கும் தீப்பெட்டி யூனிட் அவனுடையது. முழுக்க மிஷினில் ஓடும் தீப்பெட்டிகள் வந்து அவனை ஒரே வருடத்தில் படுக்கவைத்துவிட்டன. குடோன் மாடி காலியாகக் கிடந்தது. நான் யோசனை சொன்னேன். மாடியில் கணினிகள் போட்டான். குச்சி அடுக்கிய பெண்களின் மகள்கள் பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். அவர்களை வேலைக்கு எடுத்தான். எங்கள் கம்பெனியின் சோதனை வேலையைச் சென்னையில் ஒரு நிறுவனம் எடுத்து, அது தம்பிக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. இதில் என் தம்பி இருக்கிறான் என்று கம்பெனியில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சண்முகையாவுக்கு மட்டும் தெரியும். ஊர்க்காரனிடம் எதை மறைக்க?

அந்தப் பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி அவனையே போட்டேன். காலையில் வந்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உட்காருவான்.

“ஏட்டி, அந்தப் பட்டன அமுக்குனா கெட்டுப்போவும்னு பயப்படுதியா? கெட்டுப்போகட்டும். கெடுக்கதுக்குத்தான் நமக்குச் சம்பளம்!”

அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பெண்கள் சிரிப்பது கேட்கும். “சார், அங்கன குளுருதா?” என்று ஒருத்தி கேட்பாள். “குளுரு கெடக்கட்டும், நேத்து அனுப்புன பட்டியல்ல ரெண்டு எண்ணத்தக் காணோம், எங்கட்டீ?” என்பான்.

ஒருநாள் என் அறைக்கு வந்து, “எல்லாம் நல்ல பிள்ளைய அண்ணாச்சி. ஆறு மாசத்துல என்னைய வேண்டாம்னுருவாவ,” என்றான்.

நான்கு மாதத்திலேயே பதினோரு பேரையும் நிறுத்தினோம். கடிதத்தில் என் கையெழுத்து.

4

அவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. வேறு வேலை அமையவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் படிவத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மனைவி தோசை வார்த்துப் போட்டாள்.

“மூணு பேரு சேந்து மனுப் போட்டாப் போதுமாம் அண்ணாச்சி. கெடச்சா பதினோரு பேருக்கும் கெடைக்கும். எக்ஸ்ரே எடுக்கப் படிக்கப் போறேன். காலேஜ்ல எடம் போட்டு வச்சிட்டாவ. கம்ப்யூட்டருக்கு நோய் பாத்தது போதும், இனி மனுசனுக்குப் பாப்போம்.”

“இந்த வயசுலயா?” என்றாள் என் மனைவி.

“எலும்புக்கு வயசு தெரியுமா மைனி? படம் எடுக்கவனோட வயச அது பாக்காது.”

கோமதிக்கு இருதய வால்வில் கோளாறு இருந்தது. இந்த உதவி கிடைத்தால் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்திலும் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கும். மீனா பள்ளிப் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆக, அவன் குடும்பம் இங்கே இருப்பதும் கிளம்புவதும் அந்தத் தாளில்தான் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

போகும்போது சொன்னான்: “கம்பெனில யாரக் கேட்டு விசாரிக்கணும்னு ஒரு பேரு எழுதச் சொல்லியிருக்கான். ஒங்க பேர எழுதிட்டேன். கேக்காம எழுதிட்டேன், கோவிக்கப்படாது.”

“இதுல என்ன இருக்கு,” என்றேன்.

மூன்று வாரத்தில் அரசாங்கத்தின் கேள்வித்தாள் என் பெயருக்கே வந்தது. வேலை வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டதா என்பது ஒரு கேள்வி. அதற்குக் கீழே: ‘ஆம் எனில், எந்த நாட்டுக்கு? வேலையை நேரடியாகச் செய்யும் நிறுவனம் எது? விலாசம் என்ன?’

தம்பி அந்த மாடிக்கு எங்கள் தகப்பனார் பெயரை வைத்திருந்தான். இங்கே எனக்குக் குடும்பப் பெயரும் அதுதான். அந்தக் கட்டத்தை நிரப்பினால் என் கையெழுத்துக்கு மேலேயே என் பெயர் இரண்டாவது முறை இருக்கும். யாராவது ஒருவர் கேட்டால் போதும், என் வேலை போகும், தம்பியின் மாடியும் போகும்.

இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியை நான் வெளிநாடு என்று எப்படி எழுதுவது என்றுகூட எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, கையை உயர்த்திச் சத்தியம் செய்து, பத்து வருடம் ஆன பிறகு. பிறகு ‘இல்லை’ என்று எழுதினேன். ‘வேலை குறைந்ததால் ஆட்குறைப்பு’ என்று காரணமும் எழுதினேன். தெரிந்தே பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று கையெழுத்துக்கு மேலே அச்சடித்திருந்தது. அதையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

5

மனு தள்ளுபடியானது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தான்.

“ஒங்களத் தாண்டி மேல எவனோ மாத்தி எழுதிட்டான் அண்ணாச்சி. வக்கீல் பயக வேலை.”

“இருக்கும்,” என்றேன்.

“ஒரு மாசத்துக்குள்ள மறுபடி பாக்கச் சொல்லிக் கேக்கலாமாம். கேக்கட்டுமா?”

இங்கே நான் செய்தது முதல் பொய்யைவிடப் பெரியது. அதைப் பயத்தில் செய்தேன் என்றாவது சொல்லலாம். இதை நிதானமாகச் செய்தேன். “கிளறாதலே. கம்பெனி கோபப்பட்டா உனக்கு நல்லபடியா ஒரு சான்று தர மாட்டான். பேசாம ஊருக்குப் போ. தம்பிட்ட சொல்லுதேன், வேலை போட்டுக் கொடுப்பான்,” என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “நீங்க இருக்கதுனால சரியாப் போச்சு,” என்றான்.

அப்படியாக, சண்முகையா தன் வேலையின் பின்னாலேயே ஒன்பதாயிரம் மைல் போனான். அந்தக் குடோன் மாடியில், அவனே போனில் பழக்கிய பெண்களுக்கு நடுவில், அதே மென்பொருளைச் சோதிக்க உட்கார்ந்தான். ‘அண்ணாச்சிதான் வாங்கித் தந்தாவ’ என்று ஊரெல்லாம் சொன்னானாம். இப்போது அந்த மாடியும் இல்லை. சோதிக்கும் வேலையைக் கணினியே செய்துகொள்கிறது. தம்பி அதைத் துணி குடோனாக வாடகைக்கு விட்டிருக்கிறான்.

6

மீனா படிப்பை முடிப்பதற்காக எங்கள் வீட்டில் தங்கினாள். மாடியில் என் மகனின் பழைய அறையை ஒழித்துக் கொடுத்தோம். விமான நிலையத்தில் அப்பாவை அவள் கட்டிப்பிடிக்கவில்லை. முதுகுப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

முதலில் தினமும் பேசினார்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. அவன் இங்கே இருந்தவரை வீட்டில் தமிழ் இருந்தது. எங்களோடு இருந்த வருடத்தில் அதில் பாதி ஆங்கிலமாகிவிட்டது; ‘பெரியப்பா, பெரியம்மா’ மட்டும் மாறவில்லை. போனில் அவன் கேட்பதற்கு ‘ம்’, ‘ஓகே’. பிறகு கல்லூரி, வேலை, பக்கத்து நகரத்தில் வீடு. கணக்கு ஆசிரியை ஆனாள்.

ஊருக்குப் போன மூன்றாம் வருடம் கோமதி இறந்தாள். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மீனா போய்ச் சேர்ந்தது தகனம் முடிந்த மறுநாள். நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள். அழைத்துவர நான்தான் போனேன். காரில் வரும்போது சொன்னாள்:

“அப்பா கிவ் அப் பண்ணிட்டார் பெரியப்பா. ஒரே ஒரு ‘நோ’ சொன்னாங்க. ஒன்லி ஒன். ஃபைட் பண்ணவே இல்ல. பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். இங்க இருந்திருந்தா அம்மா இருந்திருப்பா.”

அந்த ‘நோ’ என்னுடையது என்று சொல்ல எனக்கு முன்னால் நாற்பது நிமிடப் பாதை இருந்தது. நான் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரை ஓடவிட்டேன். மழை பெய்யவில்லை.

அதற்குப் பிறகு அவள் அப்பாவுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். பொங்கலுக்கு அவன் கூப்பிட்டால் எடுப்பாள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். பிறகு அவன் என்னைக் கூப்பிட்டு, “பிள்ள எப்படி இருக்கா அண்ணாச்சி? சாப்பிடுதாளா?” என்று கேட்பான். தன் மகளைப் பற்றி என்னிடம் கேட்பான்.

7

நூலகத்திலிருந்து சீக்கிரம் வந்த அன்று அந்தப் பிரதியைத் தேடி எடுத்தேன். முதலில் அரசாங்கத்துக்கு எழுதினேன். நான் பொய் சொன்னேன், இது என் கையெழுத்து, என்ன தண்டனையானாலும் ஏற்கிறேன், அந்தப் பதினோரு பேரின் மனுவை மறுபடி எடுங்கள் என்று. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. திட்டத்தின் காலம் முடிந்துவிட்டபடியால் பழைய தீர்ப்பைத் திறக்க வழியில்லை, கடிதத்துக்கு நன்றி என்று நான்கு வரி. எனக்குத் தண்டனைகூட மறுக்கப்பட்டது.

மற்றப் பத்துப் பேரில் நான்கு பேரின் விலாசம்தான் கிடைத்தது. அவர்களுக்கு எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: ‘சொன்னதற்கு நன்றி. இனி எனக்கு எழுத வேண்டாம்.’

பிறகு மீனாவை வீட்டுக்கு வரச் சொல்லித் தாளை அவள் முன்னால் வைத்தேன். ஆசிரியை அல்லவா, விரலை வைத்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். முடித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்.

“இது இவ்வளவு நாளும் எங்க இருந்துச்சு பெரியப்பா?”

“மேல, அலமாரில.”

“என் ரூம் அலமாரிலயா?”

“ஆமா.”

தன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வருடம் முழுக்க அவள் உடுப்பு மாட்டிய அலமாரி அது.

மறுவாரம் போனில் கூப்பிட்டாள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். அவன் நம்பவில்லையாம். அவன் சொன்னதை அப்படியே, அவன் பேச்சிலேயே, தடுமாறித் தடுமாறிச் சொன்னாள்:

“‘பெரியப்பாவுக்கு வயசாயிட்டு. பெரியம்மா போன பொறவு ஒத்தையில கெடக்காவ. எவனோ செஞ்சதத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதாவ. நீ அவியள ஏசாத தாயி.’ திஸ் இஸ் வாட் ஹி செட்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க போய்ச் சொல்லணும்,” என்றாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது.

8

மதுரையில் இறங்கி ரயிலில் போனேன். வழியெல்லாம் நிலம் வெடித்து மழைக்குக் காத்துக் கிடந்தது. ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். என் பையை வாங்கிக்கொண்டான், நான் தடுத்தும் கேட்கவில்லை. ஆட்டோக்காரரிடம், “இவிய யாருன்னு தெரியுதா? நம்ம மாடி ஆபீஸ் ஓனரோட அண்ணாச்சி. அமெரிக்கா,” என்றான்.

வீட்டில் அவனே காப்பி போட்டுக் கொடுத்தான். குடித்துவிட்டுத் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தான். கேள்வியைச் சத்தமாக ஆங்கிலத்தில் வாசித்தான். பதிலைச் சத்தமாக வாசிக்கவில்லை.

“இந்தச் சாஞ்ச எழுத்து ஒங்களதுதான்,” என்றான்.

“நான்தாம்டே எழுதினேன். யாரும் சொல்லி எழுதல.”

பக்கத்து வீட்டில் குக்கர் கூவி அடங்கியது. தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“எங்க மனுவுலயும் ஒரு கட்டம் இருந்துச்சு அண்ணாச்சி. வேல எந்த ஊருக்குப் போச்சு, யார்ட்ட போச்சுன்னு. எனக்குத் தெரியாததா? தெனமும் அந்தப் பிள்ளையளோட பேசுனவன். ‘இந்தியா’ன்னு மட்டும் எழுதி நிறுத்திட்டேன். கூடக் கையெழுத்துப் போட்டவன் கேட்டான், ஊர்ப்பேர எழுதேம்யான்னு. தெரியாதுன்னுட்டேன். தம்பி பேர எழுதுனா ஒங்களுக்கு எடஞ்சல் வந்துரும்னு.”

மடித்த தாளை என் பக்கம் நகர்த்தினான்.

“நான் எழுதாம விட்டது ஒங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

‘ஆம்’ என்று எழுதியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவனிடம் இன்னொரு பொய்யும் வேண்டாம் என்று பட்டது. “தெரியலடே,” என்றேன்.

தலையை ஆட்டினான். எழுந்து என் பையை எடுத்து வாசலில் வைத்தான். இரவு அவன் வீட்டில் தங்குவதாகத்தான் ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் விரோதியைக்கூட ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அவன் என்னைப் பார்த்து, “போங்க,” என்றான்.

இங்கே திரும்பிய பிறகு ஐந்தாறு தடவை கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, அவன் எடுப்பதில்லை. மீனாவும் எடுப்பதில்லை. கோடை விடுமுறை தொடங்கியதும் அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்பதே தம்பி சொல்லித்தான் தெரிந்தது.

“ஒரு மாசம் இருக்கப் போறாளாம். நேத்து மார்க்கெட் பக்கம் அப்பனும் மகளும் சண்ட போட்டுக்கிட்டே போனாவ,” என்றான் தம்பி.

“என்ன சண்டை?”

“என்னமோ அந்தப் பிள்ள பேசுத தமிழத் திருத்துதான், அது இவன் இங்கிலீசத் திருத்துது. சிரிச்சுக்கிட்டுல்லா போனாவ.”

போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டேன். “என்னைப் பத்தி எதுவும் கேட்டானா?” என்றேன்.

ஊரில் இந்த வருடம் மழை பரவாயில்லை என்றான் தம்பி.